எல்லைக்கல்லும் உழைப்பும்: காரைக்கால் பகுதியில் தொழிலாளர் சந்தைக் கூறுபாடு

ஆய்வுச் சுருக்கம்

தொழிலாளர் சந்தை ஒன்றோடொன்று கலவாத கூறுகளாகப் பிரிந்து நிற்பதற்குத் திறன் வேறுபாட்டை முதற்காரணமாகக் காட்டுவது பொருளியலில் நெடுநாள் வழக்கு. தஞ்சை நிலத்தால் சூழப்பட்டுப் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காரைக்கால் பகுதியின் வரலாறு அவ்விளக்கத்திற்கு எளிதில் இடந்தருவதில்லை. அங்கு ஒருவர் எவ்வேலைக்குச் செல்லலாம் என்பதைத் தீர்மானித்ததில் கைத்திறனைவிடப் பிறந்த சாதியும், அவருக்குரிய தனிநபர் சட்டமும், எல்லைக்கல்லின் எப்பக்கத்தில் அவர் பதிவு பெற்றார் என்பதும் பெரும்பங்கு வகித்தன. பண்ணையாள் முறை, கடல்கடந்த ஒப்பந்தக் கூலிமுறை, 1881ஆம் ஆண்டின் துறப்பாணை, 1964ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை ஆகியவற்றை ஒரே தொடர்ச்சியாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காரைக்கால், பண்ணையாள், ஒப்பந்தக் கூலிமுறை, ரெனோன்சான், தொழிலாளர் சந்தைக் கூறுபாடு, இடஒதுக்கீடு, பூர்வீகம்.

முன்னுரை

நாகூரிலிருந்து வடக்கே செல்லும் சாலை வாஞ்சூரை அடையும்போது தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஒன்றியப் பகுதி தொடங்குகிறது. வடக்கு எல்லையில் பூவத்தைக் கடந்தால் மீண்டும் தமிழ்நாடு. இடைப்பட்ட நிலம் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதில் வாழ்வோர் 2,00,222 பேர். எல்லையின் இருபுறமும் வயலும் வாய்க்காலும் ஒன்றே. அரசலாறும் திருமலைராயனாறும் காவிரியின் கிளைகளாகத் தஞ்சை நிலத்தில் ஓடிவந்தே காரைக்காலை நனைக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. வேறுபடுவது சட்டமும் அதன்வழி வரும் சான்றிதழும் ஆகும்.

இவ்வேறுபாடு 1739இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைக் கைக்கொண்டதிலிருந்து தொடங்குகிறது. ஆங்கிலேயரிடம் பலமுறை இழந்த அப்பகுதி, நெப்போலியன் காலப் போர்கள் முடிந்தபின் 1817இல் மீண்டும் பிரான்சிடம் ஒப்படைக்கப்பட்டது. 1954 நவம்பர் 1 அன்று நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது.

புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் புதுச்சேரி நகரையே மையமாகக் கொண்டவை. வெள்ளை நகரம், கறுப்பு நகரம், பஞ்சாலைகள், தொழிற்சங்கம், விடுதலை இயக்கம் என்பனவே அவற்றின் பொருள்கள். காரைக்கால் அவற்றில் ஓர் இணைப்பாகவே இடம்பெறும். உழைப்பு வரலாற்றைப் பொறுத்தவரை இது பெருங்குறை. புதுச்சேரி ஆலைநகரம், காரைக்காலோ நெல்வயலும் துறைமுகமும் கூடிய கழிமுகப் பகுதி. அடிமைமுறையின் சாயல் படிந்த வேளாண் உழைப்பும் உலகளாவிய உழைப்புப் பெயர்ச்சியும் ஒரு சில கல் தொலைவுக்குள் சந்தித்த இடம் அது.

கூறுபாடு என்னும் கருத்து

1874இல் அயர்லாந்துப் பொருளியலாளர் கெய்ர்ன்சு, தொழிலாளர் அனைவரும் ஒரே சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடுகின்றனர் என்னும் கருத்தை ஐயுற்றுப் 'போட்டியிடாக் குழுக்கள்' என்னும் தொடரை ஆண்டார். நூறாண்டுக்குப்பின் 1971இல் டோரிங்கரும் பியோரும் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து சந்தையை இரண்டாகப் பகுத்தனர். நிலையான பணி, விதிமுறைப்படியான பதவி உயர்வு, ஓய்வூதியம் ஆகியவை அமைந்தது முதன்மைக் கூறு. நிலையற்ற வேலையும் தாழ்ந்த கூலியும் முதலாளியின் மனப்போக்குக்கு உட்பட்ட ஒழுங்கும் கொண்டது இரண்டாம் கூறு. இரண்டாம் கூற்றில் நுழைந்தோர் திறன் பெற்றாலும் முதன்மைக் கூற்றுக்கு ஏறுவது அரிது என்பதே இக்கோட்பாட்டின் உயிர்நிலை.

இந்தியச் சூழலில் இதனைவிடக் கூர்மையான விளக்கத்தை 1936இலேயே அம்பேத்கர் முன்வைத்துவிட்டார். சாதி வேலையைப் பகுப்பதன்று, வேலை செய்வோரையே பகுத்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குவது என்பது 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் கொண்ட நிலை. அமெரிக்கக் கோட்பாட்டாளர்கள் சந்தைக்குள் தோன்றும் தடையைக் கண்டனர். அம்பேத்கர் சந்தைக்கு வருமுன்பே இடப்பட்ட தடையைக் கண்டார். காரைக்காலை விளங்கிக்கொள்ள இவ்விரண்டும் தேவை. ஆயினும் இவற்றில் இல்லாத மூன்றாவது ஒன்றும் தேவைப்படுகிறது. அரசு தரும் தகுதிநிலையே அது. ஒப்பந்தச் சீட்டு, துறப்புப் பதிவு, குடியுரிமை விருப்புரை, சாதிச் சான்றிதழ் எனக் காலந்தோறும் வடிவம் மாறினும், ஒரு கூற்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வாயிலைத் திறந்ததும் அடைத்ததும் எழுத்தில் அமைந்த ஓர் ஆவணமே.

பண்ணையாள்

கழிமுகத்தின் நெல் வேளாண்மை மிகுந்த ஆள்தேவை கொண்டது. நடவும் அறுவடையும் சில வாரங்களுக்குள் முடிய வேண்டும். அந்த வாரங்களில் ஆள் கிடைப்பதை உறுதிசெய்ய நிலவுடைமையாளர் கண்ட வழி பண்ணையாள் முறை. பண்ணையாள் தனியொருவரல்லர், மனைவியும் மக்களும் சேர்ந்த ஒரு குடும்பத்தின் உழைப்பே அச்சொல்லின் பொருள். கூலி நெல்லாகக் களத்தில் அளக்கப்பட்டது. பெண்ணுக்கு அளக்கும் அளவு ஆணுக்கு அளப்பதைவிடக் குறைவு. திருமணத்திற்கும் சாவுக்கும் பெற்ற கடன் ஒரு பண்ணையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவொட்டாமல் கட்டியது.

கடனைவிட வலிய கட்டு குடியிருப்பு மனை. குடிசை நின்ற நிலம் பெரும்பாலும் மிராசுதாரருடையது. வேலையை மறுப்பவர் வீட்டையும் இழக்க நேரும். கூலியை உயர்த்திக் கேட்கும் ஆற்றலைத் தீர்மானித்தது நெல்விலையோ ஆட்பற்றாக்குறையோ என்று கணக்கிடும் ஆய்வுகள் இம்மனைக்கட்டைக் கணக்கில் கொள்ளாவிடில் அவற்றின் முடிபுகள் பிழைபடும். கூலி ஏன் உயரவில்லை என்னும் கேள்விக்கு விடை பல ஊர்களில் களத்துமேட்டில் இல்லை. சேரியின் நில உரிமைப் பதிவில் இருக்கிறது.

இவ்வுழைப்பாளர் மிகப்பெரும்பாலும் பள்ளர், பறையர் சமூகத்தினர். கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்திலும் பின்னர் 1976இலும் தஞ்சை ஊர்களில் மேற்கொண்ட களப்பணியும், 1965இல் வெளியான ஆந்திரே பெத்தேயின் நூலும் இத்தொடர்பை விரிவாகப் பதிவுசெய்துள்ளன. கஃப் கிரிப்பூர் எனப் புனைபெயரிட்ட ஊர் நாகப்பட்டினத்தை அடுத்த கிழக்குத் தஞ்சையைச் சார்ந்தது; காரைக்காலின் வயற்புறத்தை அறிய அதுவே அண்மைச் சான்று. எல்லையின் இருபுறமும் நில உறவு ஒன்றே என்பதால், பிரெஞ்சு முடியரசோ குடியரசோ காரைக்காலில் நிலவுடைமையின் சாதி அடுக்கைத் தொடவில்லை என்று கொள்வதில் தவறில்லை. சமத்துவம் என்னும் சொல் அரசு முத்திரையில் இருந்தது.

துறைமுகம் என்னும் வாயில்

1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ரெயூனியன், மார்த்தினீக்கு, குவாதலூப்பு ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு மாற்று ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் அதற்கான துறைகளாயின. 'ஓரேலி' என்னும் கப்பல் 1853 மே மாதம் மார்த்தினீக்கையும், 1854 டிசம்பரில் குவாதலூப்பையும் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரோடு சென்றடைந்தது.

காரைக்காலின் மக்கள்தொகை சிறிது. கப்பலை நிரப்பியவர்களுள் பலர் எல்லைக்கு அப்பாலுள்ள தஞ்சை மாவட்டத்தவர். மேஸ்திரிகள் ஆங்கிலேயர் நிலத்தில் ஆள் திரட்டி எல்லையைக் கடத்திக் கொண்டுவருகின்றனர் என்னும் முறையீடு ஆங்கிலேய அதிகாரிகளிடமிருந்து மீண்டும் மீண்டும் எழுந்தது. அம்முறையீட்டில் மனிதநேயம் மட்டும் இருந்ததாகக் கொள்வது கடினம். தன் வயலுக்கும் தன் குடியேற்ற நாடுகளுக்கும் உரிய ஆள் பிறன் கப்பலில் போகிறது என்னும் கணக்கும் அதில் இருந்தது. 1861 சூலை 1 அன்று இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை, பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளுக்கு ஆங்கிலேய இந்தியாவில் ஆள் திரட்ட இசைவு தந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆங்கிலேய முகவரின் மேற்பார்வை, கப்பலேறும் பெண்களின் விகிதம் ஆகியவற்றை அது வரையறுத்தது. ரெயூனியனில் தொழிலாளர் நடத்தப்பட்ட முறை குறித்த புகார்கள் பெருகியதால் அத்தீவுக்கான அனுப்பீட்டை ஆங்கிலேய அரசு 1882இல் நிறுத்தியது. மேற்கிந்தியத் தீவுகளுக்கான இசைவு 1888இல் முடிவுக்கு வந்தது.

கப்பலேறியோர் ஒரே சாதியினர் அல்லர். பஞ்சமும் கடனும் எல்லாச் சமூகத்திலும் ஆளைப் பெயர்த்தன. எனினும் நிலமற்ற உழைப்பாளரே அவர்களுள் மிகுதி என்பதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இங்குக் கவனிக்க வேண்டியது, மிராசுதாரரின் மனையை விட்டு வெளியேற ஒரு பண்ணையாள் குடும்பத்துக்கு இருந்த மிகச் சில வழிகளுள் துறைமுகமும் ஒன்று என்பதாகும். அவ்வழியும் வேறொரு கட்டில் கொண்டு விட்டது. ஒப்பந்தத்தை மீறினால் தண்டனை, தோட்டத்தை விட்டு நகர இசைவுச் சீட்டு என அங்கும் உழைப்பு எழுத்தால் கட்டப்பட்டிருந்தது. பண்ணையிலிருந்து தோட்டத்துக்குப் போனவர் இரண்டாம் கூற்றிலிருந்து இரண்டாம் கூற்றுக்கே போனார். இடையில் இருந்தது ஒரு கடல்.

அதே காலத்தில் வேறு சிலர் கிழக்கே சென்றனர். 1862இல் கொச்சின்சீனாவின் ஒரு பகுதி பிரான்சின் கைக்கு வந்ததும் சைகோன் நகரம் காரைக்காலாருக்குப் புதிய திசையாயிற்று. மரக்காயர் உள்ளிட்ட முசுலிம் வணிகர் துணிக்கடைகளும் பல்பொருள் கடைகளும் வைத்தனர். கல்வி பெற்ற கிறித்தவரும் வேளாளரும் அரசு அலுவலகங்களில் எழுத்தராயினர். ஒரே ஆட்சியின்கீழ், ஒரே பகுதியிலிருந்து, ஒரே தலைமுறையில் புறப்பட்டவர்கள் இவர்கள். மேற்கே போன கப்பலுக்கும் கிழக்கே போன கப்பலுக்கும் இடையே ஆள்மாற்றம் அரிது. ஊரில் இருந்த அடுக்கு கடலிலும் கலையவில்லை. கெய்ர்ன்சு கூறிய போட்டியிடாக் குழுக்களுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1881: துறப்பும் ஊதியமும்

பிரெஞ்சு இந்தியாவில் வாழ்ந்தோர் தத்தம் சாதி, சமய வழக்கங்களின்படி அமைந்த தனிநபர் சட்டத்தின்கீழ் இருந்தனர். 1881 செப்டம்பர் 21 அன்று வெளியான ஆணை, விரும்புவோர் அச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. அவ்வாறு துறந்தோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். துறப்பு எழுத்தில் பதிவு செய்யப்பட வேண்டும், பதிந்தபின் மீளமுடியாது, குடும்பப்பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ள வேண்டும். இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 1873இல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தமைக்காக எழுந்த வழக்கைப் பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை எடுத்துச் சென்றவர். துறப்புக்குப்பின் அவர் சூட்டிக்கொண்ட பெயர் லபோர்த்து.

துறந்தோருள் கிறித்தவர் மிகுதி. ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் கணிசமாக இருந்தனர். சாதியைக் காட்டும் பெயர் அகன்று பிரெஞ்சுப் பெயர் வந்தது. ஒரு பறையர் குடும்பம் சட்டத்தின் கண்முன் பாரிசுக் குடிமகனோடு சமமாயிற்று என்பது சிறு செய்தியன்று. சாதி இந்துக்களின் தலைவராகிய நாடு சண்முக வேலாயுத முதலியார் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1884இல் வாக்காளர் ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். 1899இல் துறந்தோருக்கான தனிப்பட்டியல் நீக்கப்பட்டது. ழாக் வெபரின் ஆய்வுகள் இவ்வரசியற் போராட்டத்தை விரிவாகக் கூறுகின்றன.

உழைப்பு வரலாற்றுக்குத் துறப்பின் முதன்மை வேறிடத்தில் உள்ளது. தேர்தல் பட்டியலில் இழந்த இடத்தைத் துறந்தோர் இந்தோசீனாவில் தேடினர். சுங்கம், காவல், அஞ்சல், சிறை, கலங்கரை விளக்கம், நீதிமன்ற எழுத்தர் பணி, படை எனப் பல துறைகளில் அவர்கள் இடம்பெற்றனர். பணிநிலைப்பு, ஓய்வூதியம், பதவி உயர்வு ஆகிய மூன்றும் உடைய முதன்மைக் கூறு காரைக்கால் ஒடுக்கப்பட்டோருக்கு முதன்முறையாகத் திறந்தது அங்கேதான். நத்தாஷா பைரோடோ 2016இல் வெளியிட்ட நூல் இப்பெயர்ச்சியை நுணுகி ஆராய்கிறது.

ஆயினும் நுழைந்தபின் உள்ளேயே இன்னொரு வேலி எழுந்தது. சட்டப்படி ஐரோப்பியருக்கு நிகரான குடிமக்களுக்கு ஐரோப்பியருக்குரிய ஊதியமும் குடியேற்றநாட்டுப் படியும் உண்டா என்னும் வினா பல பத்தாண்டுகள் நீடித்த வழக்காயிற்று. ஆசியருக்கு வாழ்க்கைச் செலவு குறைவு என்பது நிருவாகத்தின் வாதம். தாங்கள் பெற்ற சட்டநிலையே ஊதியத்திற்கு அளவு என்பது துறந்தோர் வாதம். திறன் குறைவு என்று எவரும் வாதிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். கூறுபாட்டுக் கோட்பாட்டை ஆவணக்காப்பகத்தில் சோதிக்க விழையும் ஆய்வாளருக்கு இவ்வழக்கைப் போன்ற தெளிந்த களம் எளிதில் கிட்டாது.

பணி முடிந்து ஊர் திரும்பியோர் 'சொல்தா' என்றும் ஓய்வூதியக்காரர் என்றும் அறியப்பட்டனர். பிரான்சிலிருந்து வரும் ஓய்வூதியம் மாடிவீடாகவும் கல்வியாகவும் மாறியது. அதே தெருவில் துறப்பைப் பதியாத உறவினர் பண்ணைவேலையில் தொடர்ந்த நிலையும் இருந்தது. ஒரு சாதிக்குள்ளேயே இரு கூறுகள் தோன்றியமைக்குக் காரணம் ஒரு பாட்டனார் பதிவாளரிடம் சென்றதும் மற்றொருவர் செல்லாததுமே. 1962க்குப்பின் இதே பிரிவு மீண்டும் நிகழ்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்புவோர் ஆறு திங்களுக்குள் எழுத்துவடிவில் விருப்பம் தெரிவிக்க வேண்டும் என உடன்படிக்கை கூறியது. எழுத்தறிவும் அலுவலகப் பழக்கமும் உடைய குடும்பங்களுக்கே இக்கால எல்லை எளிதாக இருந்திருக்கும்.

வரப்பைத் தாண்ட எடுத்த ஆண்டுகள்

தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களும் எல்லைக்கல்லில் தடுக்கி நின்றன. 1936 சூலை 30 அன்று புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் பன்னிருவர் இறந்தனர். வ. சுப்பையா முதலியோர் வழிநடத்திய அப்போராட்டத்தின் விளைவாக 1937இல் எட்டுமணி நேர வேலை உள்ளிட்ட தொழிலாளர் சட்டம் பிரெஞ்சு இந்தியாவுக்கு வந்தது. ஆலைத் தொழிலாளரை முன்வைத்துப் பிறந்த அச்சட்டத்தால் காரைக்கால் வயலில் நடவு நட்டவருக்கு விளைந்தது சிறிதே.

1952 ஆகஸ்டில் இராஜாஜி அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கென அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பண்ணையாளை விருப்பம்போல் நீக்குவதைத் தடுத்ததும் களத்தில் பெறவேண்டிய கூலியை வரையறுத்ததும் அதன் சிறப்பு. காரைக்கால் அன்று பிரான்சின் நிலம். எனவே ஒரே வாய்க்காலில் நீர் பாயும் இரு வயல்களில் ஒன்றின் பண்ணையாளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, மற்றவருக்கு இல்லை. காரைக்கால் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1966இல்தான் இயற்றப்பட்டது. இடையில் பதினான்கு ஆண்டுகள்; அவற்றுள் பன்னிரண்டு இந்திய நிருவாகத்தின்கீழ்க் கழிந்தவை. தாமதத்தைப் பிரெஞ்சுக்காரர் மேல் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது.

சட்டத்தின் பெயர் கருதத்தக்கது. ஒன்றியப் பகுதி முழுமைக்குமன்றிக் காரைக்காலுக்கெனத் தனியே அது இயற்றப்பட்டது. பண்ணையாள் முறை கழிமுகத்துக்கே உரியது என்பதைச் சட்டமன்றமே ஒப்புக்கொண்டதாக அப்பெயரைக் கொள்ளலாம்.

தாமதத்துக்கு ஒரு விலை இருந்தது. தஞ்சையில் 1952க்குப்பின் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. நிலவுடைமையாளர் பலர் பண்ணையாட்களைக் கைவிட்டு நாட்கூலிக்கு ஆள் வைத்தனர். பண்ணையாள் என்னும் நிலை இருந்தால்தானே சட்டம் பாயும். எல்லைக்கு இப்பால் இருந்த உடைமையாளர்கள் இப்பாடத்தைக் கற்கப் பதினான்கு ஆண்டு அவகாசம் கிடைத்தது. பாதுகாக்க வேண்டிய நிலை தேய்ந்துவந்த காலத்தில் வந்த பாதுகாப்புச் சட்டமாகவே 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை மதிப்பிட வேண்டியுள்ளது.

அடுத்த சட்டம் விரைவாக வந்தது. அதன் காரணம் கொடியது. 1968 டிசம்பர் 25 இரவு, காரைக்காலுக்குத் தெற்கே நாகப்பட்டினம் பகுதியிலுள்ள கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய சேரியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கணபதியாப் பிள்ளை ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 1969இல் தமிழ்நாட்டில் வேளாண் தொழிலாளர் நியாய ஊதியச் சட்டம் வந்தது. காரைக்கால் வேளாண் தொழிலாளர் நியாய ஊதியச் சட்டம் 1970இல் இயற்றப்பட்டது. முன்னதற்குப் பதினான்கு ஆண்டுகள், இதற்கு ஓராண்டு.

வசிப்போரும் பூர்வீகத்தாரும்

நிலத்திலிருந்து வெளியேறும் வாயிலாகக் கடலின் இடத்தை அரசுப்பணி பிடித்தது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, மின்துறை, கூட்டுறவு எனச் சிறிய ஒன்றியப் பகுதியில் அரசே பெரிய வேலையளிப்பாளர். தனியார் துறைமுகம், தொழிற்பேட்டை, எரிவாயு அகழ்வு ஆகியன பின்னர் வந்தனவெனினும், அவற்றில் உள்ளூரார் பெறும் வேலை பெரும்பாலும் ஒப்பந்ததாரர் வழிப்பட்டது. நிலையான பணி என்றால் அது அரசுப்பணி என்னும் எண்ணம் காரைக்காலில் ஆழ வேரூன்றியமைக்கு இதுவே காரணம். ஆகவே முதன்மைக் கூற்றின் திறவுகோல் இன்று சாதிச் சான்றிதழும் குடியிருப்புச் சான்றிதழும் ஆகும்.

1964ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை புதுச்சேரிக்குரிய பட்டியல் சாதிகளை அறிவித்தது. பள்ளர், பறையர், வள்ளுவர், புதிரை வண்ணார் முதலிய சாதிகள் அதில் உள்ளன. அப்பகுதியில் 'வசிப்போர்' என்பதே ஆணையின் சொல். ஆனால் நிருவாகத்தில் 'பூர்வீகம்', 'குடிபெயர்ந்தோர்' என்னும் இருவகைப் பிரிப்பு வழக்கிற்கு வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பகுதி மக்களுள் பட்டியல் சாதியினர் 15.7 விழுக்காடு, பணியில் அவர்களுக்கான ஒதுக்கீடு 16 விழுக்காடு. அந்தப் பதினாறில் யாருக்குப் பங்கு என்பதே வழக்கு.

ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குப் பெயர்ந்தால் அத்தகுதி கூடவே வராது என உச்ச நீதிமன்றம் 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் கூறியது. 2005இல் புதுச்சேரி ஆசிரியர் நியமனத்தைப் பற்றிய புஷ்பா வழக்கில், வெளிமாநிலத்துப் பட்டியல் சாதியினரையும் ஒதுக்கீட்டில் சேர்த்த நியமனங்களை அதே நீதிமன்றம் ஏற்றது. வசிப்போர் என்னும் சொல்லைப் பூர்வீகம் எனச் சுருக்கலாமா என்னும் வினா 2014இல் அங்கு மீண்டும் எழுந்தது. 2018இல் பீர் சிங் வழக்கின் அரசமைப்பு அமர்வு, பெயர்ந்தோர் பிற மாநிலத்தில் ஒதுக்கீடு கோர இயலாது என்னும் பொதுவிதியை உறுதிசெய்தது.

இவ்விதிக்கு ஒரு நியாயம் உண்டு. முன்னேறிய மாநிலத்துப் போட்டியாளரிடமிருந்து உள்ளூர் ஒடுக்கப்பட்டோரைக் காப்பது அதன் நோக்கம். மகாராட்டிரத்திலிருந்து ஆந்திரத்துக்குப் பெயர்பவரை மனத்தில் கொண்டு பார்த்தால் அது பொருந்தும். வாஞ்சூருக்கும் நாகூருக்கும் இடையே வைத்துப் பார்த்தால் நிலைமை வேறு. நாகூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்து வாஞ்சூர்ப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் எந்த மாநிலத்துக்குப் 'பெயர்ந்தார்'? அவர் பிறந்த சேரியும் புகுந்த சேரியும் ஒரே சாதி, ஒரே தொழில், ஒரே இழிவு. பட்டியல்களிலும் சாதிப்பெயர் ஒன்றே. பெயர்ச்சி நிகழ்ந்தது திருமண உறவில். அதைக் குடிப்பெயர்ச்சியாக்கியது 1739இல் வகுக்கத் தொடங்கிய ஓர் எல்லை. ஆண்கள் பெரும்பாலும் பிறந்த ஊரிலேயே தங்குவதால் எல்லைத் திருமணத்தின் இழப்பு பெண்ணையே சாரும். சாதிப்பாகுபாட்டை ஈடுசெய்ய வந்த ஏற்பாடே பாலினப் பாகுபாடு ஒன்றை உண்டாக்குகிறது என்பது ஆய்வுலகில் போதிய கவனம் பெறாத செய்தி.

எல்லை ஒன்றியப் பகுதிக்குள்ளும் உண்டு. தொழிற்கல்விச் சேர்க்கையில் புதுச்சேரிக்கு 75, காரைக்காலுக்கு 18, மாகேக்கு 4, ஏனாமுக்கு 3 விழுக்காடு என்னும் வட்டாரப் பங்கீடு கடைப்பிடிக்கப்பட்டு வந்துள்ளது. காரைக்காலுக்கு இது ஒரு காப்பு. தலைநகரின் பள்ளிகளோடு நேர்ப்போட்டியில் நின்றிருந்தால் அவ்விடங்கள் கிட்டியிருக்குமா என்பது ஐயம்.

கூலி ஒன்றாகும் இடம்

எல்லைக்கல்லைப் பொருட்படுத்தாத ஊதியம் ஒன்றும் உண்டு. நூறுநாள் வேலைத்திட்டம் என மக்கள் அழைக்கும் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2024–25ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு அறிவித்த நாட்கூலி தமிழ்நாட்டிற்கும் புதுச்சேரிக்கும் ஒன்றே: ரூ. 319. ஆணுக்கும் பெண்ணுக்கும் அத்தொகையே. களத்தில் நெல் அளந்த காலத்தில் கனவிலும் காணாத இருவகைச் சமன் இது. எனினும் அங்கு வேலைக்கு வருவோர் யார் என நோக்கின் பண்ணையாள் வழியினர் மிகுதி. அவர்களுள்ளும் பெண்கள் மிகுதி. கூலி சமமானாலும் கூறு மாறவில்லை. ஊதிய வேறுபாட்டை மட்டும் அளந்து பாகுபாட்டைக் கணிக்கும் ஆய்வுமுறைக்கு இத்தகைய இடங்களில் எதுவும் புலப்படாது.

எஞ்சிய ஒரு சிக்கல் துறந்தோர் வழியினரைப் பற்றியது. 1964ஆம் ஆண்டு ஆணை, நாட்டின் பிற பகுதிகளுக்குரிய ஆணையைப் போலவே, பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்து, சீக்கியர் என்னும் சமயத்தாருக்கே உரியதாக்கியது. 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முசுலிம்களும் அதில் இல்லை. 1881இல் ஒடுக்கப்பட்ட கிறித்தவர் ஒருவர் சாதியைக் கழற்றிப் பிரெஞ்சுப் பெயர் பூண்டு சைகோன் சுங்கச்சாவடிக்குச் சென்றார். இந்தியராகவே இருக்க முடிவுசெய்த அவருடைய கொள்ளுப்பேரன் காரைக்காலில் அரசுப்பணிக்கு விண்ணப்பிக்கும்போது, பாட்டனார் கழற்றிய சாதியைச் சான்றிதழில் காட்ட வழியில்லை; தெருவில் அது இன்னும் அவர்மேல் இருக்கிறது. மதம் மாறிய ஒடுக்கப்பட்டோருக்குப் பட்டியல் தகுதி வழங்குவதைப் பற்றி ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஆணையம் அமைத்தது. அதன்முன் வைக்கத்தக்க சான்றுகளுள், துறந்தோரின் பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒருசேரக் காட்டும் 1881க்குப் பிந்திய பிரெஞ்சுக் குடிமைப் பதிவேடுகளும் அடங்கும்.